சங்கு ஊதினாலும் எழுதிவிட்டு வா

என் சொந்த ஊரான குடியாத்தத்தில் இருந்து இதைப் படிப்பவர்கள் நம்ப மாட்டார்கள். இங்கே தரை அதிர்ந்தால் யாரும் எழுந்து ஓடுவதில்லை. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டும், சுவர்க் காரை கொஞ்சம் உதிரும். பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். நேரங்கெட்ட நேரத்தில் சுரங்கத்துச் சங்கு ஊதாவிட்டால், பூமிக்கடியில் எங்கோ பாறை வெடித்திருக்கிறது, ஆட்களுக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். மறுபடி அரிசி களையத் தொடங்கிவிடுவார்கள். கோலார் தங்கவயலுக்கு வந்து பதினாறு வருஷமாகியும், காது கொடுக்கும் அந்தச் சில நொடிகளில் எனக்கு மூச்சு வந்ததில்லை.

கல்யாணமாகி வரும்போது வேலூரில் பி.ஏ. முதல் வருடம் முடித்திருந்தேன். அவர் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் டிம்பர்மேன். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. வந்து பதினாலாவது வருஷம், மகள் பள்ளிக்குப் போயிருந்த ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்.

"உட்ட படிப்ப முடிச்சிடு மே. இங்கயே காலேஜ் வந்துகீது."

"இப்ப இன்னாத்துக்கு?"

"இந்த லைன் வூடு என் வேலைக்குக் குடுத்தது. நான் இல்லன்னா இதுவும் இல்ல. உன் கையில ஒண்ணு இருக்கட்டும்."

ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

லைன் வீடுகளுக்குள் தமிழும் தெலுங்குமே போதும் என்பதால், அத்தனை வருஷத்திலும் கன்னடம் என் காதில் பட்டதே தவிர ஒட்டவில்லை. கல்லூரி குமாஸ்தா என்னைப் பார்த்து, "தங்கி எல்லி?" என்று கேட்டார். எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்பதாக நினைத்து, "சாம்பியன் ரீப்ஸ்" என்றேன். நாளைக்கு அவளை அழைத்து வாருங்கள் என்று சைகையோடு சொன்னார். கன்னடத்தில் தங்கி என்றால் தங்கை, எல்லி என்றால் எங்கே. முப்பத்துமூன்று வயதுக்காரி, வீட்டில் இருக்கும் தங்கையைச் சேர்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். படிக்கப்போவது நான்தான் என்று புரியவைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

பக்கத்து வீட்டு எசோதா அக்காவுக்கும் அது புரியவில்லை. அவள் கணவரும் இவரும் சுரங்கத்தில் ஒரே கேங். "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கசொல்ல உனக்கு இன்னாத்துக்கு மே படிப்பு?" என்று குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்ற பயத்தில் சிரித்து மழுப்பினேன். புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் அவருக்குக் குழி தோண்டுவதுபோல இருக்கும். அவரோ ஷிப்ட் முடிந்து வந்ததும், "இன்னிக்கு எவ்ளோ பக்கம் படிச்ச?" என்றுதான் கேட்பார்.

இரண்டு வருஷம் போயிற்று. கடைசித் தேர்வன்று காலையில் தலைவிளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் வாசலில் நின்றார். "சங்கு ஊதினாலும் எழுதிட்டு வா. நீ ஓடியாந்தா கல்லு நவுராது."

வரலாற்றுத் தாளில் இரண்டாவது கேள்வி எழுதிக்கொண்டிருந்தேன். மேசை எகிறியது. மைக்கூடு கவிழ்ந்தது. அதுவரை நான் அறியாத அதிர்வு அது. ஹாலில் எல்லாப் பேனாக்களும் நின்றன. பிறகு சங்கு ஊதியது, விடாமல் ஊதியது. எழுந்துவிட்டேன். மேற்பார்வைக்கு நின்ற ஆசிரியர் கை அமர்த்தி, "கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்றார். உட்காரச் சொல்கிறார் என்று தெரியும்; அதற்குள் அவ்வளவு கன்னடம் கற்றிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் கொள்ளி என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

உட்கார்ந்தேன். எழுதினேன். என்ன எழுதினேன் என்று இன்றுவரை தெரியாது.

மணி அடித்ததும் சுரங்கவாயான ஷாப்டுக்கு ஓடினேன். வேலிக்கு வெளியே பெண்கள் கூட்டம். சங்கு ஊதியதிலிருந்து நின்றவர்கள், மை கொட்டிய புடவையோடு வந்த எனக்கு வழி விட்டார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் மூன்றாவது முறை மேலே வந்தபோது அதில் அவர் இருந்தார். உடம்பெல்லாம் புழுதி, காயமில்லை. அடுத்த கேஜில் எசோதா அக்காவின் கணவரை ஸ்ட்ரெச்சரில், முகம் மூடிக் கொண்டுவந்தார்கள்.

இவர் என்னிடம் கேட்ட முதல் வார்த்தை, "எழுதினியா?"

"எழுதினேன்."

"சரி" என்று முன்னால் நடந்துவிட்டார். ஐந்தாம் நாள் சட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நான்தான் வராதன்னேன். மேல வந்ததும் உன்னத்தான் மே தேடினேன்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எசோதா அக்கா லைன் வீட்டைக் காலி செய்து சாமான்களை வண்டியில் ஏற்றினாள். என் கையைப் பிடித்து, "நீ புத்திசாலி மே" என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தேறிவிட்டேன். இங்கே வேலைக்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். குடியாத்தத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. "போ மே. சனிக்கிழமையானா வா" என்றார். மகள் பள்ளியை விட்டு வரமாட்டேன் என்று அப்பாவோடு தங்கிவிட்டாள்.

முதல் திங்கட்கிழமை அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார்; நான் தனியாக ரயிலேறினேன். ரயில் போகும் திசைக்கு எதிர்த்திசை பார்த்த இருக்கைதான் கிடைத்தது. ஷாப்ட் கோபுரத்தின் மேல் கேஜை இழுக்கும் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. கேஜ் இறங்குகிறதா, ஏறுகிறதா என்று அங்கிருந்து தெரியவில்லை. சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், முதுகுப்புறமாகவே என் சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன்.