சாவி அவரிடமே இருக்கட்டும்

போன வாரம் கொல்லிமலை ஏறினேன். மிளகு வாங்க என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில், பேப்பரிடமிருந்து இரண்டு நாள் தப்பிக்கத்தான். பழக்கதோஷம்... மூட்டைக்குள் பேப்பரும் கூடவே ஏறி வந்துவிட்டது.

தங்கியது பெரக்கரை நாட்டில் (மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு 'நாடு'), சடையன் வீட்டில். மிளகு விற்க மலையிறங்கும்போதெல்லாம் என் வீட்டுக்கு வந்து போகிறவர். அவர் மனைவி வெள்ளையம்மாள் களி கிண்டிப் போட்டார். தின்றுவிட்டுச் சும்மா இருந்தேனா? பேப்பரை விரித்தேன்.

அமெரிக்காவில் கான்பரன்ஸ். பிறர் கைக்குள் இருக்கும் நாடுகளை என்ன செய்வது என்று தேசங்கள் கூடிப் பேசுகின்றன. சுயாட்சி நல்லதுதானாம். ஆனால் பக்குவம் வரவேண்டுமாம் — வெள்ளைக்காரன் நமக்குச் சொல்கிற அதே பாட்டு! அதுவரை சில நாடுகளுக்குப் பெரிய தேசங்கள் தர்மகர்த்தாவாக இருக்குமாம்.

"எத்தனை நாளைக்குங்க?" என்றார் சடையன்.

தேடினேன். அது மட்டும் போடவில்லை.

வெள்ளையம்மாள் சிரித்தார். "எங்களுக்கும் ஒரு தர்மகர்த்தா இருக்காருங்க."

விஷயம் இதுதான். அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு வள்ளம் அளந்து விதைச் சாமையைக் கோயில் கொட்டகையில் சேர்த்துப் பூட்டுவார்கள். விதைப்புக்கு முன் எடுப்பார்கள். சாவி வருஷத்துக்கு ஓர் ஊராகக் கைமாற வேண்டும். வாங்கி வைத்த தர்மகர்த்தா இரண்டு வருஷமாகத் தரவில்லை. போன வருஷம் அவர் திறந்ததே தாமதம். சடையன் வயலில் சாமை பதராகிப்போய், பாதி வருஷம் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றார்கள். இந்த வருஷமும் அதே கதையென்றால்?

"நேத்துப் போயிக் கேட்டனுங்க. 'உங்களுக்கு இன்னும் பக்குவம் பத்தாது, விதையப் பொங்கித் தின்னுபோடுவீங்க'ங்கறாரு. வெதைக்கறது நாங்க... பக்குவம் அவருக்கா?" என்றார் சடையன். எனக்கு ரத்தம் கொதித்தது.

கொதித்து என்ன செய்தேன்? "கலெக்டருக்கு ஒரு மனு எழுதித் தரட்டுமா?" என்றேன். எழுத்தாளன் புத்தி!

"உங்க மனு மலை எறங்கி ஏறி வாரதுக்குள்ள வயல் ஈரம் காஞ்சு போயிருமுங்க," என்றார் வெள்ளையம்மாள்.

காலையில் ஊரே கொட்டகை முன்னால் நின்றது. கடப்பாரையோடு வருவார்கள் என்று நினைத்தேன். பூட்டை ஒருவரும் தொடவில்லை. ஏணி சாத்தினார்கள். சடையன் மேலே ஏறி, கூரைப் புல்லைக் கட்டுக்கட்டாக அவிழ்த்துக் கீழே கொடுத்தார். வருஷா வருஷம் அந்தக் கூரையை வேய்கிற கைகளுக்கு எந்த முடிச்சு எங்கே என்று தெரியாதா?

வீட்டுக்கு ஒரு வள்ளம். போட்டதைத்தான் எடுத்தார்கள். ஒரு மணி கூட அதிகமில்லை. மேகம் கறுக்கும் முன் கூரையைத் திரும்பக் கட்டியும் விட்டார்கள்.

தர்மகர்த்தா ஓடி வந்தார், இடுப்பில் சாவி குலுங்க. "பூட்டையா ஒடச்சீங்க? போலீசுக்குப் போறேன்!"

"பூட்டு பத்திரமா இருக்குதுங்க. பாத்துக்குங்க," என்றார் சடையன்.

அவர் பார்த்தார். இழுத்தும் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் ஓர் அடியும் விலகவில்லை. சாவியை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார். "இந்தா, வாங்கிக்குங்க."

வெள்ளையம்மாள் விதைக்கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். "உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க. எங்களுக்கு வயலுக்கு நேரமாச்சு."

அன்று மத்தியானமே விதைத்தார்கள். மாலையில் மழை. நான் மிளகை மறந்துவிட்டு மலையிறங்கினேன். வீட்டில் வாங்கிய வசவு தனிக்கதை.

கான்பரன்ஸ் கனவான்களே, சாவியை எப்போது கொடுப்பது என்று நிதானமாகப் பேசுங்கள்... நாங்கள் ஏணி சாத்திவிட்டோம்.