ஏழாம் நம்பர் வால்வில் நிற்காத பெயிண்ட்

பேய் இருக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் நான் இருப்பதே பழைய மிளகுக் கிடங்கின் மாடி, பேய்க்குப் பயந்து வருஷக்கணக்காக யாரும் குடிவராத இடம். நான் வந்து படுத்த முதல் நாளே என் குறட்டையைக் கேட்டு அது எதிரே வைப்பின் தீவுக்குப் படகு ஏறியிருக்கும். அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். அதுவும் ராத்திரிக் கதை இல்லை, எல்லாம் பகல் வெளிச்சத்தில் நடந்தது.

நான் பெயிண்டர், தென்காசிப் பக்கம். தோப்பும்படி தாண்டிக் காயல் ஓரமாக ஒரு சின்னக் கெமிக்கல் கம்பெனி, பேர் வேண்டாம். ரப்பர் பால் திரிந்துபோகாமல் இருக்க ஊற்றுவார்களே அம்மோனியா, அது அங்கே தயாராகும். ஒரு டேங்க், நிறையப் பைப், இருபத்திரண்டு வால்வு. காயலிலிருந்து வருகிற உப்புக்காற்று இரும்பைத் தின்னும். வால்வைத் தேய்த்துத் துரு எடுக்க வேண்டும், கிரீஸ் வைக்க வேண்டும், வாரம் ஒரு தடவை திருகிப் பார்க்க வேண்டும், அரித்த போல்ட்டை மாற்ற வேண்டும். இவ்வளவு வேலைக்குப் பதிலாக அந்தக் கம்பெனி கண்டுபிடித்த சுருக்கு வழிதான் நான். ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வரும் வாரம் என்னைக் கூப்பிடுவார்கள். துருவின் மேல் இரண்டு கோட் வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் எந்தக் கிழட்டு வால்வும் மாப்பிள்ளை மாதிரி மின்னும். இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன், வெட்கம் கெட்டவன்.

அங்கே ஆபரேட்டர் சசி. அவன் தாத்தா காலத்திலேயே முனிசிபாலிட்டி வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம், வீடு கொச்சங்காடியில். டேங்குக்கு அடியில் இருக்கும் ஏழாம் நம்பர் வால்வை மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தவன் அவன் ஒருவன்தான்.

"அண்ணாச்சி, நீங்க பொணத்துக்குப் பவுடர் போடுறீங்க, கேட்டோ?" என்றான் நான் பிரஷை எடுத்ததும்.

"இதுவரைக்கும் ஒரு பொணமும் கம்ப்ளைண்ட் பண்ணலையே தம்பி."

"தமாஷ் இல்ல. போல்ட் முழுக்கத் தின்னுபோச்சு. இன்ஸ்பெக்டர் கண்ணுல இது படணும். பெயிண்ட் அடிச்சு மூடாதீங்க."

மூடினேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் இருபத்தொரு வால்வு மின்னுகிறது, ஏழு மட்டும் துரு அப்பட்டமாகத் தெரிய நிற்கிறது. பெயிண்ட் உரிந்து விழவில்லை. யாரோ கம்பி பிரஷால் பொறுமையாகச் சுரண்டி, தூளைக்கூடக் கூட்டி அள்ளியிருந்தார்கள். மறுபடி அடித்தேன். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் மேனேஜர் வந்துவிட்டார்.

"எடோ அண்ணாச்சி, இது ஆராடா சொறண்டுனது?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் வாய் என்றைக்கு மூடியது? "நம்ம சசியா இருக்கும் சார், அவனுக்குப் பொண்டாட்டியைவிட இந்த வால்வு மேலதான் ஆசை, ராத்திரியெல்லாம் முதுகு தேய்ச்சு விட்டிருப்பான்" என்றேன். சத்தியமாகத் தமாஷுக்குத்தான் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், மேனேஜர் சிரிக்கவில்லை. அன்று மத்தியானமே சசியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகும்போது அவன் என்னைத் திட்டவில்லை. "எனக்கு ரெண்டு பெண் பிள்ளைங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை, சசி கேட்டுக்கு வெளியே இருக்கிறான், ஏழாம் நம்பர் மறுபடி சுரண்டிக் கிடக்கிறது.

சுரண்டியது அவன் இல்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மேனேஜரிடம் ஓடிப்போய், சார், அந்தப் பையனை உள்ளே கூப்பிடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அடுத்த சந்தேகம் என்மேல் விழும், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்பார்கள். யாரும் வருவதற்குள் அவசரமாக ஒரு கோட் இழுத்தேன். அன்றைக்குத்தான் இன்ஸ்பெக்டர் வந்தார். ஈரம் காயாத வால்வைத் தொட்டுப் பார்த்தார், கட்டைவிரல் வெள்ளியானது, நான் டர்ப்பன்டைன் துணியை நீட்டினேன், துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நாலு நாள் கழித்து வேலையைத் திரும்பக் கேட்கலாம் என்று சசி வந்திருக்கிறான். நல்ல மத்தியானம். நான் அப்போது ரோட்டுக்கு எதிர்ப்பக்கச் சாயாக்கடையில் உட்கார்ந்து, வால்வுக்கு முதுகு தேய்த்த கதையை லாரிக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பேர் சாட்சி இருக்கிறார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். கதை முடிவதற்குள் மூக்கில் ஊசி குத்தியது மாதிரி நாற்றம். பார்த்தால் கேட்டுக்கு மேலே வெள்ளையாகப் புகை.

உள்ளே நடந்தது பிறகுதான் தெரிந்தது. லாரியில் ஏற்றும் குழாய் பிய்த்துக்கொண்டது. ஏழாம் நம்பரை மூடியிருந்தால் அத்தோடு நின்றிருக்கும். புது ஆபரேட்டர் திருகிப் பார்த்தான், துருவில் இறுகிப்போய் அது அசையவில்லை. அவன் ஓடிவிட்டான். எல்லோரும் வெளியே ஓடும்போது சசி மட்டும் உள்ளே ஓடியிருக்கிறான். வால்வைத் திருகும் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கியிருக்கிறான். சக்கரம் திரும்பவில்லை, என் பெயிண்டுக்கு அடியில் இருந்த போல்ட்டுகள்தான் விட்டன. மொத்த அம்மோனியாவும் அவன் முகத்தில் அடித்தது. உயிர் பிழைத்தான். இரண்டு கண்ணும் போய்விட்டது.

ஒரு மாசம் தைரியம் வராமல் இருந்துவிட்டுக் கொச்சங்காடிக்குப் போனேன். அவன் பெண்டாட்டி பிந்து என்னை முறைத்துக்கொண்டே நாற்காலி போட்டாள். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன், எல்லாம் மறந்துபோனது. ஆனால் சசி என் குரலைக் கேட்டதும் கையை நீட்டினான்.

"அண்ணாச்சி! உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எனக்கு என்ன ஆகும்?"

"அன்னிக்கு அந்தப் புகையில நின்னீங்களே."

அவனே தொடர்ந்தான். "உங்களை வெறும் கோமாளின்னு நினைச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க. கேட் கிட்ட நின்னு பார்த்தேன். ஏழாம் நம்பர் பக்கத்துல கம்பி பிரஷோட குத்த வெச்சு உக்காந்து சொறண்டிட்டிருந்தீங்க. உங்களைத் தவிர அங்க வேற ஆரும் இல்ல. அப்பத்தான் புரிஞ்சுது, பகல்ல அடிக்கிறதும் நீங்க, ராத்திரி எடுக்கிறதும் நீங்க. கம்பெனிக்குப் பயந்து அடிச்சீங்க, மனசுக்குப் பயந்து எடுத்தீங்க. சரிதானே?"

பிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "ம்" என்றேன். அந்த ஒரு எழுத்தை இன்றுவரை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

"அதான், குழாய் விட்டதும் உங்களை இழுத்துட்டு வரலாம்னு உள்ள ஓடினேன். பக்கத்துல வந்தா உங்களைக் காணல. தப்பிச்சுட்டீங்கன்னு சந்தோஷமா சக்கரத்தைப் பிடிச்சேன்."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன், தமாஷ் சொல்கிறேன், அவன் சிரிக்கிறான். அவன் கண் கடைசியாகப் பார்த்த முகம் என்னுடையதாம், அதைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறான். போன வாரம் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னான்: "நான் உள்ள ஓடுறதுக்கு முன்னால நீங்க தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கை அசைச்சீங்க, அண்ணாச்சி."

போய்விடு என்று அசைத்தேனா, வா என்று அசைத்தேனா என்று கேட்க வாய் வரவில்லை. இவ்வளவு பேசுகிற வாய்.