மூன்றாவது விளக்கு

லிஃப்ட்காரர் என்றால்தான் அந்தக் கட்டடத்தில் அவரைத் தெரியும். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கைபட்டு ஓடியது. வேலையும் முடிந்து, மனைவியும் போய்ச் சேர்ந்த பின், மூன்றாம் மாடி வீட்டில் அவருக்கு வாய்த்த துணை ஆறு பெயின்ட் வாளிகள். அடியில் துளை போட்டு, முன்னறை ஜன்னலோரம் வைத்து, ஸ்ட்ராபெரி நட்டிருந்தார். மகனுக்கு அந்தப் பழம் என்றால் உயிர். வரும்போது செடியிலிருந்தே பறித்துத் தின்னட்டும் என்று நினைத்தார்.

பூத்தால் பழுக்க ஒரு மாதம் ஆகும். வீட்டுக்குள் தேனீ எட்டிப் பார்க்காது. ஒவ்வொரு பூவையும் பிரஷால் தடவிவிட வேண்டும். பழுத்தபின் செடி காத்திருக்காது. மகனோ வெளிநாட்டில் மின் பொறியாளர். வருகிறேன் என்பான், தள்ளிப்போடுவான். அவன் தள்ளிப்போடும்போதெல்லாம் இவர் பூக்களைக் கிள்ளிவிடுவார். அடுத்த பூ அவன் வரும் நாளுக்குச் சரியாக இருக்குமே!

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அடுப்பை அணைச்சுட்டு உலை கொதிக்கலைன்னு உக்காந்திருக்கீங்களே அண்ணே! பழுத்தா நீங்க தின்னக் கூடாதா?"

"தனியாத் தின்னு என்னம்மா?"

"எனக்குக் குடுங்க. நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

அவர் சிரித்துச் சமாளித்தார். பூ மட்டும் குப்பைக்கே போனது.

வீடியோவில் செடிகளைப் பார்த்த மகன் நெற்றியைச் சுருக்கினான்.

"இலை இவ்வளவு செழிப்பா இருக்கு, பூவே காணோமேப்பா? வெளிச்சம் பத்தலை. செடிக்குன்னே விளக்கு இருக்கு, அனுப்புறேன்."

அனுப்பினான். பயணம் தள்ளிப்போனது, பூ போனது. இரண்டாவது விளக்கு வந்தது. அறை சினிமா கொட்டகை மாதிரி ஊதா நிறத்தில் ஜொலித்தது.

அடுத்த முறை அவன் கேட்டான்: "இன்னும் பூக்கலையா? இன்னொண்ணு அனுப்பவா?"

"விளக்கு வேண்டாம்டா. நீ…"

"நான் என்னப்பா?"

"நீ சாப்பிட்டியா?"

"ஆச்சுப்பா. அப்போ விளக்கு?"

"சரி, அனுப்பு."

மூன்றாவதையும் மாட்டினார். அந்த வாரமே பயணம் மறுபடி தள்ளிப்போனது. பூக்களுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து பிரஷை எடுத்தார்.

பழுத்தன. பாதியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்தார். மீதியை நின்றபடியே தின்றார். நல்ல இனிப்பு. அன்று அவரே மகனை அழைத்தார்.

"பழம் வந்துடுச்சுடா."

"பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்ல, வெளிச்சந்தான் பிரச்சினைன்னு!" குரலில் அப்படி ஒரு பெருமை. அதைக் கெடுப்பானேன் என்று தோன்றியது.

"ஆமாண்டா. அந்த மூணாவது விளக்குதான்" என்றார்.

பூக்களைக் கிள்ளிய கதையைத் தையல்காரம்மா மகனிடம் சொன்னது, அப்பாவை அடக்கம் செய்துவிட்டு அவன் திரும்பிய அன்று.