சிங்கத்தின் நெற்றியில் குங்குமம்

அமெரிக்காவில் எங்கள் ஊரான மான்மவுத் ஜங்ஷனிலிருந்து கொஞ்ச தூரம் போனால், சோளக்காட்டின் ஓரம் அந்தத் தேவாலயம். ஐரோப்பியக் கிராமங்களில் இருக்கும் பழைய ரோமனெஸ்க் தேவாலயங்களைப் பார்த்துக் கட்டியது. தடித்த சுவர், குறுகிய ஜன்னல், அரைவட்டத்துக்குள் அரைவட்டமாக உள்வாங்கும் வாசல். தூண்களின் தலையில் திராட்சைக் கொடி, கொடிக்குள் ஒரு தலையும் இரண்டு உடலுமாக ஒரு மிருகம். வாசல் தூணைச் சுமந்தபடி படுத்திருக்கும் கல்சிங்கம். அதன் வாயில் ஒரு மனிதன். விழுங்குகிறதா, உமிழ்கிறதா? ஞாயிறுதோறும் நின்று பார்ப்பேன், பிடிபடாது.

அந்தத் தேவாலயத்தின் பேஸ்மென்ட்டில்தான் எங்கள் பிள்ளைகளின் தமிழ் வகுப்பு. வீடுகளில் நடத்தி, பார்க்கிங் தகராறில் பக்கத்து வீட்டார் போலீஸைக் கூப்பிட்ட பிறகு கிடைத்த இடம். வேறு இடமில்லை. அடுத்த வருடமும் தருவதா என்று பாதிரியார் சொல்ல வேண்டிய அன்றைக்கே சரஸ்வதி பூஜையையும் வைத்துக்கொண்டோம்.

பூஜை முடிந்து மேலே வந்தால், ஈரோட்டு நண்பர் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்த கையோடு சிங்கத்துக்கும் வைத்திருந்தார். சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"என்னங்க இது?"

"பார்த்ததும் கை தானா போயிருச்சுங்க. பாவம், வருஷம் பூரா தூணைச் சொமக்குது."

"பாதிரியார் வர்ற நேரங்க."

என் மனைவி குழந்தைகளைத் துடைக்கும் ஈரத்தாளை எடுத்துத் தேய்த்தாள். வெளிர் சுண்ணாம்புக்கல். ஈரம் பட்டதும் சிவப்பு கல்லின் துளைகளுக்குள் இறங்கியது, நெற்றியிலிருந்து வழிந்து வாய்க்கு வந்தது.

"தேய்க்காத, இன்னும் பரவுது."

"டாட், ஹி இஸ் ப்ளீடிங்," என்றாள் மகள், வாயிலிருந்த மனிதனைக் காட்டி.

"நீ உள்ள போடி."

சரளைக்கல்லில் கார் வந்து நின்ற சத்தம். யாரும் திரும்பவில்லை. பாதிரியார் குனிந்து சிவப்பைத் தொட்டார், முகர்ந்தார்.

"பெயின்ட்?"

"நோ ஃபாதர்," என்றார் நண்பர். "ரெஸ்பெக்ட்."

பாதிரியார் சிரிக்கவில்லை. கைக்குட்டையில் விரலைத் துடைத்து, மடித்து, பையில் வைத்தார். எனக்குள் பிள்ளைகளின் நாற்காலிகள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன. பிறகு மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார்: அடுத்த வருடமும் வரலாம். ஆனால் இனி பக்கவாசல் வழியாக.

பக்கவாசலில் சிற்பம் எதுவும் கிடையாது. இரும்புக் கதவு, இரண்டு குப்பைத்தொட்டி. அடுத்த ஞாயிறு பிள்ளைகளை அதன் வழியே அனுப்பிவிட்டு நின்றோம்.

"நல்லதுங்க," என்றார் நண்பர், இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு. "இங்க கை சும்மா கெடக்கும்."