மிளகாயை விட்டுவிட்டுப் போன யானை

இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. ஜாம்பியாவுக்கு வந்த புதிதில் ஆலை வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனபோது, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் அடித்தேன். முன்னால் போனவர் காரை ஓரம்கட்டி இறங்கி வந்து, தன்மேல் என்ன தப்பு என்று பணிவாகக் கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. இந்த ஊரில் ஹாரன் என்பது கெட்ட வார்த்தை மாதிரி. எங்கள் கல்வராயன் மலைப் பாதையிலோ வளைவில் ஹாரன் அடிக்காதவன்தான் வசவு வாங்குவான். வெள்ளிமலைக்குப் பெண் பார்க்கப் போன அன்று பஸ் டிரைவர் மலை ஏறி முடிக்கும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நானும் முன்சீட்டுக் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. பெண் வீட்டில் காப்பி டம்ளரையும் அதேபோல இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் ஃபிட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்தவன் நான். அந்தக் கைவேலைதான் என்னை இந்த நாட்டு ஆலைவரை கொண்டுவந்தது. அரைவை தொடங்கிவிட்டால் பாகு கொதிக்கும் வாசனையில் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். வாசலுக்கு வெளியே வந்தால்தான் ஞாபகம் வரும். இந்த வருஷம் மனைவி செல்வியும், ஆறாவது படிக்கும் மகள் யாழினியும் விடுமுறைக்கு முதல்முறையாக வந்திருந்தார்கள். இருவரும் என்னோடு இங்கேயே தங்குவதா, கள்ளக்குறிச்சிக்கே திரும்புவதா என்று செல்வி பார்த்துவிட்டுச் சொல்வதாக ஏற்பாடு. நான் வாய்திறந்து கேட்கவில்லை. கேட்டால் திரும்புகிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

அந்தச் சமயத்தில்தான் யாழினி சிங்கம் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சாம்பேசி ஆற்றங்கரைக் காட்டுக்குள் நம் வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். வழிகாட்டி கிடையாது, கம்பிவலை கிடையாது, கதவைத் திறந்து இறங்காமல் இருந்தால் போதும் என்கிறார்கள். அந்த ‘போதும்’ என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. உபரி டயரைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தேன். கிளம்பும் காலை ஊர் வழக்கப்படி ஆலை ஜீப்பின் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். ஒரு கயிற்றில் மேலே பச்சை மிளகாயும் கீழே நல்ல பெரிய எலுமிச்சையுமாகக் கோத்து முன் பம்பரில் கட்டிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

காட்டு வாசலில் காவலர் ஜன்னல் பக்கம் வந்து, ஆரஞ்சு, எலுமிச்சை வகை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அந்த வாசனைக்கு யானை வண்டிவரை வந்துவிடுமாம். செல்வி வாங்கி வைத்திருந்த ஆரஞ்சுகளை எடுத்துக் கொடுத்தாள். நான் அதோடு நிற்காமல் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலையும் நீட்டினேன். அவர் முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார். பம்பரில் தொங்குவதும் ஒரு பழம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அதை நான் பழமாக நினைத்தே பழகவில்லை.

சிங்கம் கண்ணில் படவில்லை. வரிக்குதிரைகள் கூட்டமாக நின்றன. எங்கள் ஊர்க் கழுதைகளைப் போலவே காதை ஆட்டுகிறதே என்று யாழினி சிரித்தாள். மரநிழலில் வண்டியை நிறுத்திப் புளிச்சோற்றைப் பிரித்தபோது புதருக்குள்ளிருந்து ஒரு யானை வந்தது. நான் பார்த்த யானையெல்லாம் திருவிழாவில் காசு வாங்கிக்கொண்டு தலையில் தும்பிக்கை வைத்தவை. இது யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதது. நேராக வண்டிக்கு முன்னால் வந்து தும்பிக்கையைத் தாழ்த்தியது. ஜீப் ஒருமுறை குலுங்கியது.

"அப்பா, அந்தப் பழத்த நீங்க குடுக்கவே இல்லியே" என்று யாழினி காதோரம் கிசுகிசுத்தாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி ஹாரன். கை தானாகப் போய் அதன்மேல் நின்றது. செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பண்றீங்க? கைய எடுங்க. தின்னுகினு இருக்கறத எதுக்கு வம்புக்கு இழுக்கறீங்க? அதும்பாட்டுக்குத் தின்னுட்டுப் போவும்."

வெள்ளிமலையில் செல்வி வீட்டுச் சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கும். தகரம் தட்டி விரட்டுவார்கள். ஆனால் பன்றி ஆளுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டால் தட்டக்கூடாது, அசையாமல் இருக்க வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கம். நான் கையை மடிக்கு இழுத்துக்கொண்டேன். யானையின் கண்ணிமை மயிர் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் பார்த்தேன். பயத்துக்கு நடுவிலும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது. கொஞ்ச நேரத்தில் அது தலையை ஆட்டிக்கொண்டு, ஆற்றுப் பக்கம் அவசரமில்லாமல் நடந்துபோனது.

வாசலுக்குத் திரும்பி இறங்கிப் பார்த்தால் எலுமிச்சையைக் காணோம். மிளகாய் ஒன்றுகூடக் குறையவில்லை. இது எதற்கு என்று காவலர் கேட்டார். கெட்ட கண் படாமல் இருக்க என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். வண்டியின் கண்ணைச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் குனிந்து ஹெட்லைட்டைத் தட்டிப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்றார். யாழினிதான் விளக்கிச் சொன்னாள். பழத்தை மறைத்துக் கொண்டுபோனதற்குத் திட்டப்போகிறார் என்று நின்றேன். கொஞ்சம் கடிந்துகொண்டார்தான். பிறகு மிளகாயைத் தொட்டுச் சிரித்தார். அவர் ஊரில் சோளக்கொல்லையைச் சுற்றிக் கயிறு கட்டி, மிளகாய்த்தூளைக் கிரீஸில் குழைத்துத் துணியில் பூசித் தொங்கவிடுவார்களாம். யானை கிட்டே வராதாம். பாதி சரியாகத்தான் கட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லி ஊறுகாய் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், செல்வி ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லப்போகிறாள் என்று நான் மனசுக்குள் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினி தூங்கிய பிறகு செல்வி சொன்னாள்:

"அடுத்த வாட்டி வரும்போது எலுமிச்சம்பழம் வாணாங்க. வெறும் மொளகா கட்டிக்கினு வரலாம்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாட்டி என்றுதான் சொன்னாளா என்று கேட்கவும் பயம். சாமி கும்பிட்டுக் கோத்ததில் பழம் இந்தக் காட்டு யானையின் வயிற்றில் ஆற்றைப் பார்த்துப் போய்விட்டது. மிளகாய் மட்டும் வண்டிக்கு முன்னால் ஆடிக்கொண்டு எங்களோடு வந்தது. ஆலைக் குடியிருப்புக்குத் திரும்பும் கரும்புக்காட்டு வளைவில் சாலை காலியாக இருந்தது. மெதுவாக, ஒரே ஒருமுறை, ஹாரன் அடித்தேன்.