குழாய்க்கு மட்டும் நேரம் பார்க்கவில்லை

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டு எல்லையோரம் கோபாலபுரம் பக்கத்து கிராமம் ஒன்றில் குடித்தனம் செய்துகொண்டிருந்தேன். தலைப்பிரசவம் ஆபரேஷன் என்பதால், இரண்டாவதற்கும் பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் முன்கூட்டியே ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தார்கள். அம்மனுக்கு உகந்த நாள் என்று எனக்கும் நிம்மதிதான்.

என் பயமெல்லாம் கத்தியைப் பற்றி அல்ல. மூத்திரம் போக வைக்கும் குழாயைப் பற்றித்தான். முதல் தடவை உணர்வோடு இருக்கும்போதே செருகியதில் உயிர் போய் உயிர் வந்தது. அதனால் காலையில் குழாயோடு வந்த நர்ஸிடம் கெஞ்சினேன்.

"ஏனுங்க சிஸ்டர், முதுகுல மரத்துப்போற ஊசி போட்டப்பறம் இத வெச்சா ஆகாதுங்களா?"

"ஓ, புது டாக்டர் வந்திருக்கு! ரெண்டாம் பிரசவத்துக்கு வந்துட்டு இன்னும் என்ன நாணம்? காலை மடக்கு."

அடுத்த கட்டில்காரியின் சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மறைப்புக்கு ஒரு துணிகூட இல்லாமல் வைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் டாக்டரிடம் ஓடினார். "ராகுகாலம் கழியட்டுங்க டாக்டர். கொழந்த நல்ல நேரத்துல பொறக்கோணும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே சரி என்றார். உச்சி கழியும்வரை மொத்த ஆஸ்பத்திரியும் காத்திருந்தது. நான் குழாய் வைத்த இடத்து எரிச்சலில் புரண்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "அவுங்களுக்குத் தெரியாததா? பேசாம சாமியக் கும்புட்டுட்டுப் படு" என்றார்.

ஆபரேஷன் அறையில் ஊசி போட முதுகை வளைக்கச் சொன்னபோது குழாய் இழுத்து, வாய்விட்டு அழுதுவிட்டேன்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "ஊசிக்கு அப்புறமே வெச்சிருக்கலாமே. அதிலொண்ணும் சிரமமில்லை. நீங்க சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னனுங்க" என்றேன். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பி எதையோ எடுத்து வைத்தாள். டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தார்.

பிள்ளையும் நானும் பிழைத்தது அம்மன் புண்ணியம். அதற்காக நித்தம் விளக்கு வைக்கிறேன். ஆனால் பிறக்கப்போகும் பிள்ளைக்காக அவ்வளவு நேரம் கடிகாரத்தைப் பார்த்தவர்கள், பெறப்போகிறவளின் முகத்தை ஒரு தடவை பார்க்கவில்லையே என்று நினைத்தால், விளக்கின் முன் கைகூப்பி நிற்கும்போதுகூட எனக்கு ஆத்திரம் ஆறுவதில்லை.