டீன் ஆர்மிடேஜ் வேண்டுமென்றே தோற்ற தேர்வு

தேர்வில் ஜெயிப்பதற்காகத்தான் மனிதர்கள் ஏமாற்றுவார்கள் என்று நினைக்கிறீர்களா? தோற்பதற்காக ஏமாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் நாலாவது வீடு. பெயர் டீன் ஆர்மிடேஜ். பதினான்கு ஆண்டுகள் கிராக்ஸ்லி அணிக்கு ரக்பி லீக் ஆடியவர்.

இங்கிலாந்தில், யார்க்ஷயரின் இந்தப் பக்கத்தில் ரக்பி என்றால் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பிதான். சீமான் வீட்டுப் பிள்ளைகள் பதினைந்து பேராக ஆடுவது வேறு. சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்த சுரங்கத் தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தரக்கூடாது என்று கனவான்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அந்தச் சண்டையில் நூற்று முப்பது வருடங்களுக்கு முன் பிரிந்து வந்த ஆட்டம் இது. உழைப்பவனின் நியாயத்துக்காகப் பிறந்ததாக இன்றும் பெருமை பேசுகிறோம். பேசுவோம். அந்த ஆட்டம் டீனை என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

டீனின் அப்பா லாரி ஓட்டினார், அம்மா மிட்டாய்த் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டினார். பதினாறு வயதில் கிளப் டீனை இளையோர் அணிக்கு எடுத்துக்கொண்டது; இருபதில் பெரிய அணி. முன்வரிசையில் ஆடினார். பந்தை வாங்கி, எதிரே நிற்கும் மூன்று தடியர்கள் மீது நேராக ஓடி மோத வேண்டும். அவர்கள் ஓடிவந்தால் மறித்து வீழ்த்த வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு நாற்பது மோதல். மொத்தம் முந்நூற்றுப் பதினோரு ஆட்டங்கள். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிப் புள்ளி எடுத்தது வாழ்நாளில் ஒன்பதே முறை.

தலையில் அடிபட்டவரை டாக்டர் சோதித்த பிறகே மறுபடி ஆடவிட வேண்டும் என்ற விதி வந்தபோது டீனுக்கு இருபத்தாறு வயது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஆட்டக்காரர்கள் கணினி முன் உட்கார வேண்டும். திரையில் சீட்டுக்கட்டுச் சீட்டுகள் ஒவ்வொன்றாக வரும். முன்பு பார்த்த சீட்டா என்று நினைவு வைத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த மதிப்பெண்தான் அளவுகோல். பிறகு தலையில் அடிபட்டால் அதே தேர்வு. மதிப்பெண் இறங்கியிருந்தால் வாரக்கணக்கில் வெளியே உட்கார வேண்டும். அதற்குள் இன்னொருவன் இடத்தைப் பிடித்துவிடுவான். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் அவனுக்கு.

முதல் ஜனவரியில் டீன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அணியின் வாயாடி கிரெய்க் தாக்ரா.

"டேய், என்னடா முதல் ரேங்க் வாங்கப் போறவன் மாதிரி முறைக்கிற? மெதுவா அமுக்கு. மூணுக்கு ஒண்ணு தப்பா அமுக்கு."

"எதுக்குடா?"

"இன்னிக்கே நீ முட்டாளா இருந்துட்டேன்னு வை, ஜூன் மாசம் மண்டையில இடி விழுந்தாலும் அதே முட்டாள்தானே! டாக்டர் போடான்னு உள்ள அனுப்பிருவாரு."

"அவன் தனியா நடிக்கணுமாக்கும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "உள்ளபடி எழுதினாலே போதும் கண்ணு!"

அறையே சிரித்தது. அணியிலேயே கடைசி மதிப்பெண் டீனுக்கு. அந்த வருடம் முழுக்க அவருக்குப் பட்டப்பெயர் 'புரொஃபசர்'. எட்டு ஜனவரிகள் அப்படியே கழிந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எதிரணிக்காரனின் தோள் அவர் தாடையில் இடித்தது. கால்கள் மடிந்து சரிந்தார். உள்ளே அழைத்துப்போய்ச் சோதித்தார்கள். ஜனவரி மதிப்பெண்ணேதான் வந்தது. கால் மணி நேரத்தில் மறுபடி களத்தில் இருந்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது, நானும்தான். அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதி டீனுக்கு இன்றுவரை நினைவில் இல்லை.

முப்பத்துநாலு வயதில் ஓய்வு. ஆரம்பப் பள்ளி ஒன்றில் கட்டடப் பராமரிப்பு வேலை. முப்பத்தொன்பதாவது வயதில் ஒருநாள், நீச்சல் வகுப்பிலிருந்து மகளை அழைத்துவரப் புறப்பட்டவர், கிளப்பின் பயிற்சி மைதானத்து வாசலில் போய் நின்றார். இரண்டு மணி நேரம் கழித்து மனைவி கெர்ரி அவரை அங்கே கண்டுபிடித்தார்.

"இங்க என்ன பண்ற?"

"பிராக்டீஸ். ஒருத்தனையும் காணோம். தூங்குமூஞ்சிப் பசங்க."

"நீ ஆட்டத்த விட்டு அஞ்சு வருஷமாச்சு, டீன். புள்ள அங்க ஈரத்தலையோட நிக்குது."

லீட்ஸ் நகரத்து மூளை மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: திரும்பத் திரும்பப் பட்ட அடிகளின் சேதம், இது இன்னும் மோசமாகும். இது வேலையில் பட்ட காயம், அதை ஒப்புக்கொண்டு இனிமேலான பராமரிப்பை ஏற்க வேண்டும் என்று டீன் கிளப் மீது வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீலின் பதிலோடு எட்டு ஜனவரித் தேர்வுகளின் மதிப்பெண் தாள்கள் வந்தன. இவருடைய நினைவாற்றல் எப்போதுமே இப்படித்தான், ஆட்டத்தால் கெட்டதல்ல என்று எழுதியிருந்தது.

கெர்ரி கடிதத்தை மேசையில் அறைந்தார். "உன்னைப் பொறவி முட்டாள்னு எழுதியிருக்கான், படிச்சியா?"

"அவன் எங்க எழுதினான்? நான்தானே எழுதிக் குடுத்தேன்" என்றார் டீன்.

தப்பு டீனுடையதுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாள்கள் உண்மை என்றால், அவ்வளவு மோசமான நினைவாற்றல் உள்ளவரை எட்டு ஆண்டுகளில் ஒருமுறையாவது மருத்துவரிடம் அனுப்பினார்களா? பொய் என்றால், பொய் என்று தெரியாமலா களத்தில் இறக்கினார்கள்? எந்தப் பக்கம் திருப்பினாலும் குற்றவாளி நாற்காலியில் டீன் மட்டும் உட்கார முடியாது.

டீன் சொன்னால் நம்ப மாட்டார்கள். உடனிருந்தவர் சொல்ல வேண்டும். தாக்ரா இப்போது அதே கிளப்பில் துணைப் பயிற்சியாளர். மைதானத்துக் கடையில் இறைச்சி அடைத்த அப்பமும் பட்டாணியும் தின்றுகொண்டிருந்தவர் எதிரே கெர்ரி போய் நின்றார்.

"நடந்ததை எழுதிக் குடு, கிரெய்க்."

"வேலை போயிரும்மா. நானும் ஏமாத்தினேன்னு ஆயிரும்."

"ஏமாத்தினியா, இல்லியா?"

தாக்ரா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஏமாத்தினேன். அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அப்ப அதையே எழுது."

அடுத்த புதன்கிழமை ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுதினார்கள். எதிர்த்தரப்பு அந்த எட்டுத் தாள்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்கு நடக்கிறது. தாக்ராவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. தாள்கள் திரும்பப் பெறப்பட்ட செய்தியை வக்கீல் சொல்லக் கேட்ட டீன், "நல்லது" என்றார். பத்து நிமிடம் கழித்து, வக்கீல் என்ன சொன்னார் என்று மறுபடி கேட்டார்.

உங்கள் ஊரிலும் கபடிக் களம் இருக்கிறது, கால்பந்துத் திடல் இருக்கிறது. தலையில் அடிபட்டுத் தள்ளாடி எழுபவரிடம் "ஆட முடியுமா?" என்று கேட்காதீர்கள். முடியும் என்றுதான் சொல்வார். கையைப் பிடித்து வெளியே கூட்டி வாருங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை அணியில் அவர் இடம் அவருக்கே என்று, அன்றே, நிர்வாகியிடம் எழுதி வாங்குங்கள்.